வத்தல் மண்டி சர்வர்

விருதுநகரில் வத்தல் மண்டிக்குள் நுழைகிறவர்களின் தொண்டையில் முதலில் ஏறுவது நெடி. அங்கேயே உழல்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. முன்பக்கம் தராசும் சாக்குகளும். அதைத் தாண்டினால் கணக்கு எழுதும் பட்டாசாலை. அதற்கும் பின்னால் கிட்டங்கிக்குப் போகிற நடை. அந்த நடையில், மாடிப்படிக்கு அடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி நிற்கிறது. அதன் மேல் செவ்வாய், வெள்ளியில் சாத்திய பூவின் காம்புகள் காய்ந்து கிடக்கின்றன. நெற்றியில் சந்தனம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தடவிய குங்குமம் காற்றுத் துளைகளின் ஓரத்தில் படிந்து கெட்டியாகிவிட்டது.

பெட்டிக்குள் ஓடுவது விண்டோஸ் சர்வர் 2003. மண்டியின் வாட் காலத்துக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் வாட் 2007 ஜனவரி 1-இல் வந்து, 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டிக்கு வழிவிட்டது. ஜிஎஸ்டி வந்ததும் மண்டி வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டது. பழைய பெட்டியை வருஷத்தில் ஓரிரு முறை போட்டு நிறுத்துவதோடு சரி. இப்போது 2012-13ஆம் வருஷத்துக் கணக்கில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. கேரளத்துக் கொல்லத்து வியாபாரிகளுக்குப் போன வத்தலுக்கு, குறைந்த வரிக்கு ஆதாரமான சி பாரம் வந்ததா, வரவில்லையென்றால் வித்தியாச வரியைக் கட்டு என்று மேல்முறையீடு நடக்கிறது. பில் எண்ணும் தேதியும் லாரி எண்ணும் வேண்டும். ஆடிட்டர் அதற்காகத்தான் வந்திருந்தார். அவருக்குத் துணையாக வந்த நான் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்று எனக்குப் பேச வேலை எதுவும் இல்லை.

பெட்டியைப் போட்டால் திரை வருகிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரும் வருகிறது. அதன் கீழே இருக்கிற காலிக் கட்டத்தில் என்ன அடிப்பது என்பது யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் கணக்கய்யா. பெரிய முதலாளி காலத்தில் பேரேட்டில் தொடங்கி கம்ப்யூட்டர் வரைக்கும் கணக்கு எழுதியவர். வேட்டி, அரைக்கைச் சட்டை, பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. வேலையை விட்டுச் சில வருஷம் ஆகியும் அந்த இரண்டு பேனாவும் பையை விட்டுப் போகவில்லை. கடவுச்சொல்லை வைத்தது அவர். "யாருக்கும் சொல்லாதீரும், எங்கயும் எழுதாதீரும்" என்று பெரிய முதலாளி சொன்னாராம். சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை. பெரிய முதலாளி போய்விட்டார். கடவுச்சொல் கணக்கய்யாவின் நினைவிலிருந்தும் போய்விட்டது.

"2012-ல கொல்லத்துக்கு மொத லோடு போனது ஆவணி மாசம்" என்று அவர் ஆடிட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "குண்டூர் சரக்கு. நம்ம சரக்கு அந்த வருஷம் நெறம் பத்தல." வியாபாரியின் பெயர், தரகரின் பெயர், எந்தக் கிட்டங்கியில் இறக்கினார்கள் என்பது வரை ஒன்று விடாமல் வந்தது. அந்தக் கட்டத்தில் அடிக்க வேண்டிய சொல் மட்டும் வரவில்லை. இதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை, தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும். தெரிந்த சாமி பெயர், வண்டி எண், பிள்ளைகள் பிறந்த தேதி எல்லாவற்றையும் ஏற்கெனவே அடித்துப் பார்த்துவிட்டார். கடைசியில் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பெண்ணை வரச் சொல்லியிருந்தார். பாலிடெக்னிக்கில் படித்தவள். சுற்று வட்டாரத்து மில், ஆஸ்பத்திரி, ஆபீஸ்களில் சர்வர் பார்க்கிறவள். முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் ஒரு பை. வந்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பெட்டியின் பக்கமே போகாமல் சின்ன முதலாளி முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, மொதல்ல ஒரு லெட்டர் வேணும். உங்க லெட்டர் பேடுல. இது எங்க கடைக்குச் சொந்தமான மெஷின், பாஸ்வேர்டு இல்லாததால தெறந்து தரச் சொல்லிக் கேட்டுக்கறோம்னு. கையெழுத்தும் சீலும்."

"என்னம்மா, நம்ம கடைப் பெட்டிதானே?"

"நம்ம கடைப் பெட்டிதான். அதைக் காகிதத்துல சொல்லிருங்க."

அவள் விளக்கவில்லை. ஆனால் ஆடிட்டருக்குப் புரிந்தது, தலையசைத்தார். 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவதைப் பற்றியது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவள் செய்யப்போகிற வேலைக்கும் திருட்டுக்கும் கை அசைவில் வித்தியாசம் கிடையாது. அதே சிடி, அதே கட்டளைகள். வித்தியாசம் முழுவதும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. சின்ன முதலாளி எழுதிக் கொடுத்தார். அவள் ஒரு முறை வாசித்து, மடித்து, பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு கேள்விகள். எல்லாம் கணக்கய்யாவை நோக்கி.

"ஐயா, மத்த கம்ப்யூட்டர்ல இருந்து இதுக்குள்ள வரும்போது எல்லாருக்கும் தனித்தனிப் பேரும் பாஸ்வேர்டும் உண்டா, இல்ல அந்தந்த மெஷின்லயே வச்சிருந்தீங்களா?"

"அந்தந்த மெஷின்லதான் தாயி."

"சரி. அப்ப டொமைன் இல்ல." அவள் முகத்தில் ஒரு சுருக்கம் குறைந்தது. டொமைன் கன்ட்ரோலராக இருந்திருந்தால் பயனர்களின் பட்டியல் வேறொரு கோப்பில் இருக்கும், வழியும் வேறாகியிருக்கும்.

"இன்னொண்ணு. இதுல ஏதாவது ஃபோல்டருக்குள்ள போனா, ஃபைல் பேரெல்லாம் பச்சை எழுத்துல தெரியுமா?"

கணக்கய்யா யோசித்தார். பில் போடுகிற மேசையிலிருந்த அம்மா, இருபது வருஷமாக அங்கே இருக்கிறவர், திரும்பிச் சொன்னார்: "பச்சை எதுவும் பாத்ததில்ல பாப்பா. சிலது நீலமா இருக்கும்."

"நீலம்னா சுருக்கி வச்சது. பயமில்ல."

பச்சை என்றால் அந்தக் கோப்புகள் விண்டோஸின் மறையாக்கத்தில் பூட்டப்பட்டவை. அந்த மறையாக்கத்தின் சாவி, கணக்கின் கடவுச்சொல்லோடு பிணைந்தது. வெளியிலிருந்து கடவுச்சொல்லை அழித்தால் கதவு திறக்கும், ஆனால் பச்சைக் கோப்புகளை அதன்பின் திறக்கவே முடியாமல் போகலாம். இதைக் கேட்காமலே வேலையைத் தொடங்குகிறவர்கள் உண்டு. திறந்து கொடுத்துவிட்டுப் பணம் வாங்கிப் போய்விடுவார்கள். மறுநாள் கடைக்காரர் கோப்பைத் தொடும்போதுதான் போனது எது என்று தெரியும். அவள் ஒரு கேள்வியில் அந்த விபத்தைத் தவிர்த்தாள்.

அதற்குப் பிறகுதான் பெட்டியின் பக்கம் போனாள். முதல் வேலையாக நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். இந்த விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2015 ஜூலை 14-இல் முடிந்துவிட்டது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சு நிரல் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, கைவிட்ட இந்தப் பதிப்புக்கும் அந்த நிறுவனம் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தம் இந்தப் பெட்டிக்கு வந்து சேர்ந்ததா என்று உள்ளே போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது. கேபிளைப் பிடுங்கிய கையோடு மூடியைக் கழற்றினாள். உள்ளே வத்தல் தூசி, மென்மையான ஒரு சிவப்புப் படலம். தூரிகையால் நிதானமாகத் தட்டினாள். பலகையிலிருந்த காசு வடிவ பேட்டரியை எடுத்துவிட்டுப் புதிய சி.ஆர். 2032 ஒன்றைப் போட்டாள். பழையது செத்துப்போயிருந்ததால் பெட்டி ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பழைய ஜனவரி 1-ஆம் தேதியில் விழித்துக்கொண்டிருந்தது. "கணக்கு மெஷினுக்குத் தேதி தப்பா இருக்கக் கூடாது" என்றாள். கணக்கய்யா அதை ஆமோதித்தார்.

திரையில் உள்நுழைவுப் பக்கம் வந்தபோது அவள் எழுந்து நாற்காலியை அவருக்குத் தள்ளினாள்.

"ஐயா, நீங்க ஒரு தடவ ஒக்காருங்க. யோசிக்க வேணாம். காலையில வந்ததும் எப்படி அடிப்பீங்களோ அப்படியே."

அவர் உட்கார்ந்தார். விரல்களை விசைப்பலகை மேல் வைத்தார். வருஷக்கணக்காகத் தினமும் காலையில் அடித்த ஒன்று மனதிலிருந்து இறங்கி விரலில் தங்கிவிடும் என்பது உண்மை. பலருக்குக் கடவுச்சொல்லைச் சொல்லத் தெரியாது, அடிக்கத் தெரியும். அவருடைய விரல்கள் நான்கைந்து எழுத்து ஓடின, நின்றன. மறுபடி ஓடின, அதே இடத்தில் நின்றன. விசைப்பலகை நடுவில் எப்போதோ மாறியிருந்தது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் "பரவாயில்லய்யா, ரொம்பப் பேருக்கு இப்படித்தான்" என்றாள். அதைச் சொன்ன குரலில் ஆறுதல் காட்டும் முயற்சி இல்லை, ஒரு தகவலைச் சொல்கிற சாதாரணம்தான் இருந்தது. அந்தச் சாதாரணத்தில்தான் பெரியவரின் தோள் சற்று இறங்கியது.

அடுத்தது பிரதி. லினக்ஸ் சிடி ஒன்றிலிருந்து பெட்டியை எழுப்பி, உள்ளிருக்கும் டிஸ்க்கை எழுத்துக்கு எழுத்து ஒரு வெளி டிஸ்க்கில் இறக்கத் தொடங்கினாள். உள்ளே இரண்டு டிஸ்க்குகள், ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் பதிகிற ஏற்பாடு, 73 ஜிபி. அந்தக் காலத்து யூஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 30 எம்பி போனாலே பெரிது. முக்கால் மணி நேரம் ஆகும். "ரெண்டு டிஸ்க் இருக்கே, அதுவே பிரதிதானே?" என்று கேட்டார் சின்ன முதலாளி. "ஒண்ணு கெட்டா ஒண்ணு காப்பாத்தும் அண்ணாச்சி. நான் தப்பு செஞ்சா ரெண்டுலயும் சேந்து தப்பாயிரும்" என்றாள்.

காப்பி வந்தது. மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே, பெட்டியின் உள்ளிருந்து டிஸ்க் ஓடுகிற சன்னமான இரைச்சல். சும்மா இருந்த அந்த நேரத்தில்தான் சின்ன முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏம்மா, அழிக்கிறதுக்குப் பதிலா, பழைய பாஸ்வேர்டு என்னன்னே கண்டுபிடிச்சிற முடியாதா?"

பில் போடும் அம்மா நிமிர்ந்தார். ஆடிட்டரும் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். எல்லோருக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தது. கணக்கய்யா கண்ணாடியைக் கழற்றி, துண்டு நுனியில் துடைக்கத் தொடங்கினார்.

"உள்ள பாஸ்வேர்டு அப்படியே இருக்காது" என்றாள் அவள். பதில் சின்ன முதலாளிக்கு, பார்வை பெரியவர் மேல். "அரிசிய மாவா அரைச்ச மாதிரி அரைச்சு வச்சிருக்கும். நீங்க அடிக்கறதையும் அதே மாதிரி அரைச்சு, ரெண்டு மாவும் ஒண்ணான்னு பாக்கும். மாவுல இருந்து அரிசிய எடுக்க முடியாது."

தொடக்கத்தில் அப்படி அரைத்து வைக்கவில்லை. அமெரிக்காவில் எம்ஐடியில் பெர்னாண்டோ கார்பாட்டோ குழுவினர் 1961-இல் காட்டிய, பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்கிற அமைப்பில் கடவுச்சொற்கள் வாசிக்கக்கூடிய எழுத்தாகவே ஒரு கோப்பில் கிடந்தன. 1966-இல் இரண்டு கோப்புகள் தற்செயலாக இடம் மாறி, அன்று உள்ளே நுழைந்தவர்கள் எல்லோருக்கும் வரவேற்பு வாசகத்துக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொல்லும் வந்தது. யூனிக்ஸைச் செய்த பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்ஸனும் 1979-இல் எழுதிய கட்டுரையில், கடவுச்சொல்லை 25 முறை மறையாக்கத்துக்குள் செலுத்தி, அதோடு 4,096 வகையில் ஒன்றான ஓர் உப்பையும் சேர்ப்பதைச் சொன்னார்கள். ஒரே சொல்லை வைத்திருக்கும் இரண்டு பேரின் பதிவும் வேறுவேறாகத் தெரிய அந்த உப்பு உதவும்.

"ஆனா இந்த விண்டோஸ்ல அரவை சரியில்ல" என்று அவளே தொடர்ந்தாள். "கண்டுபிடிக்கலாம். பொய் சொல்ல மாட்டேன்."

அது உண்மை. விண்டோஸ் சர்வர் 2003, பழைய இயந்திரங்களுக்காக இன்னொரு பலவீனமான பதிவையும் கூடவே வைத்திருந்தது. 14 எழுத்துக்கு மேற்படாத கடவுச்சொல்லை முழுவதும் பெரிய எழுத்தாக்கி, ஏழு ஏழாக இரண்டு துண்டு வெட்டி, தனித்தனியாகப் பதிவது. உப்பு கிடையாது. ஏழு எழுத்தைத் தேடுவது பெரிய வேலை இல்லை. 2003-இல் சுவிட்சர்லாந்தின் பிலிப் ஊக்ஸ்லின், முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணைகளைக் கொண்டு, எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட இத்தகைய கடவுச்சொற்களில் 99.9 சதவீதத்தை 13.6 விநாடியில் கண்டுபிடித்துக் காட்டினார்.

"அப்ப கண்டுபிடிச்சிரு" என்றார் சின்ன முதலாளி.

"வேணாம் அண்ணாச்சி."

மறுப்பை இவ்வளவு எளிதாகச் சொல்ல எங்கே கற்றாள் என்று நினைத்தேன். குரல் உயரவில்லை. "உங்களுக்கு வேண்டியது மெஷினு. அது ஒங்களோடது. பாஸ்வேர்டு ஐயாவோடது. அதே வார்த்தைய பேங்குல வச்சிருப்பாக, வேற எங்கயாவது வச்சிருப்பாக. இல்லைன்னா வீட்டு ஆளுக பேரா இருக்கும், சாமி பேரா இருக்கும். அது எனக்கும் வேணாம், ஒங்களுக்கும் வேணாம். பாக்காமலே அழிச்சிரலாம். அதுக்கு வழி இருக்கு."

கணக்கய்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சின்ன முதலாளி சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரி, அப்படியே செய்யி" என்றார்.

நான் அப்போது கென் தாம்ப்ஸனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1970-களின் இறுதியில் யூனிக்ஸ் முன்னோடிகள் வைத்திருந்த கடவுச்சொற்களின் அரைத்த பதிவுகள், பழைய மூலநிரலோடு சேர்ந்து பொதுவெளிக்கு வந்துவிட்டன. ஆர்வலர்கள் ஒவ்வொன்றாக உடைத்தார்கள். தாம்ப்ஸனுடையது நெடுநாள் நின்றது. 2019 அக்டோபரில் ஒருவர் கிராஃபிக்ஸ் அட்டையை நான்கு நாளுக்கு மேல் ஓடவிட்டு அதையும் திறந்தார். உள்ளே இருந்தது சதுரங்கத்தின் ஒரு தொடக்க நகர்த்தல்: ராணிக்கு முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது. பெல் என்ற சதுரங்க இயந்திரத்தைக் கட்டியவர்களில் ஒருவர் தாம்ப்ஸன். அந்த இயந்திரம் 1980-இல் உலகக் கணினிச் சதுரங்கப் பட்டத்தை வென்றது. அவர் உயிராக நேசித்த ஒன்று அந்த எட்டு எழுத்தில் இருந்தது. அதே பட்டியலில் இன்னொருவருடையது மனைவியின் பெயர். தாம்ப்ஸன் கோபப்படவில்லை, உடைத்தவரை வாழ்த்தினார். ஆனால் அது நாற்பது வருஷம் கழிந்த பிறகு, ஒரு மேதையின் விஷயத்தில். இந்தப் பட்டாசாலையில், சம்பளம் கொடுத்த வீட்டாருக்கு முன்னால், எண்பது வயதுக்காரர் ஒருவரின் மனதிலிருந்து ஒரு சொல்லை உருவி எடுத்துத் திரையில் போடுவது வேறு. கடவுச்சொல் கேட்கிற கட்டத்தில் மனிதர்கள் தங்களுக்கு மிகப் பிடித்ததை, மிக ரகசியமானதை வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது.

பிரதி முடிந்தது. வெளி டிஸ்க்கைக் கழற்றி, மேலே தேதி எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, ஆடிட்டர் கையில் கொடுத்தாள். பிறகு இன்னொரு சிடி. நார்வேக்காரரான பெட்டர் நோர்டால்-ஹாகன் எழுதிப் பல வருஷம் பேணிய சிறிய கருவி அது. இதுபோல மறந்தவர்களுக்காக உலகம் முழுக்க சுழன்றது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. எந்தப் பிரிவில் விண்டோஸ் இருக்கிறது என்று அதுவே தேடிக் காட்டியது. விண்டோஸுக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் சாம் என்ற கோப்பு. பயனர் பட்டியல் இருக்கிற இடம் அது. விண்டோஸ் ஓடும்போது அதைத் தொட முடியாது. இப்போது விண்டோஸ் உறங்குகிறது, கோப்பு வெறும் கோப்பாகக் கிடக்கிறது.

திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. அட்மினிஸ்ட்ரேட்டருக்கு நேரே அதன் உள் எண், 500. பெயரை மாற்றி வைத்தாலும் இந்த எண் மாறாது. விருந்தினர் கணக்கு 501. அவள் பெயரைத் தேர்ந்தாள். பட்டியலில் முதல் விருப்பம்: கடவுச்சொல்லை வெறுமையாக்கு. ஒன்று என்ற எண்ணை அடித்தாள். எழுதலாமா என்று கருவி கடைசியாக ஒரு முறை கேட்டது. அவள் சின்ன முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதவா அண்ணாச்சி?"

"எழுது."

ஒரு எழுத்து. அவ்வளவுதான். பெட்டி தன்னைத்தானே மறுபடி எழுப்பிக்கொண்டது. உள்நுழைவுத் திரையில் காலிக் கட்டத்தைக் காலியாகவே விட்டு எண்டர் தட்டினாள். கடவுச்சொல் இல்லாத கணக்கு, பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பவரை மட்டும் உள்ளே விடும், நெட்வொர்க் வழியாக வருகிறவரை விடாது. இந்த விண்டோஸில் அது இயல்பாக அமைந்த காவல்.

உள்ளே போனதும் முதலில் வந்தது மேசைப் பக்கம் இல்லை. ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. போன முறை இந்த சர்வர் எதிர்பாராமல் நின்றிருக்கிறது, காரணம் எழுது என்று கேட்டது. எப்போதோ கரண்ட் போய், யுபிஎஸ் தாங்காமல் அணைந்திருக்கும். இந்தக் கேள்வியை யாரும் மதிப்பதில்லை. ஏதோ ஒரு எழுத்தை அடித்துவிட்டுக் கடந்து போவார்கள். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எழுதினாள்: மின்தடையால் நின்றது, உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் இன்று நீக்கப்பட்டது, அதற்குமுன் முழுப் பிரதி எடுக்கப்பட்டது. தேதி. தன் பெயர். என்றைக்காவது யாராவது இந்தப் பதிவேட்டைப் புரட்டினால் நடந்தது தெரிய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கணக்கு எழுதுகிற வீட்டில், கணக்கு எழுதுகிற முறையிலேயே.

பழைய பில் மென்பொருளின் பூட்டு, பின்பக்கத்தில் செருகியிருந்த ஒரு டாங்கிளில் இருந்தது. அது இல்லாமல் வேறு எந்த மெஷினிலும் அந்த மென்பொருள் ஓடாது. டிஸ்க்கை மட்டும் கழற்றிப் படிக்காமல் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் அதுதான். மென்பொருள் திறந்தது. 2012-13. கணக்கய்யா எழுந்து திரையின் பக்கத்தில் போய் நின்றார். யாரும் சொல்லாமலே அந்த அம்மாவும் வந்து நின்றார்.

"விற்பனைப் பேரேடு போ. கொல்லம்னு போடு. ஆவணி."

ஆகஸ்டு மாத வரிசையில் பில் வந்தது. லாரி எண், மூட்டைக் கணக்கு, எடை, தரகு. அவர் ஏற்கெனவே ஆடிட்டரிடம் வாயால் சொன்ன வியாபாரியின் பெயர் அதில் இருந்தது. "இதான்" என்றார். பிரிண்டர் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு தாளையும் அவரே எடுத்து, நீலப் பேனாவால் வரிசை எண் இட்டு, ஆடிட்டர் பக்கம் வைத்தார். மாதத்தின் கூட்டுத்தொகை வந்த இடத்தில் சிவப்புப் பேனா. அந்த ஒரு மணி நேரம் அவர் மறுபடி வேலையில் இருந்தார்.

தாள்கள் வந்துகொண்டிருந்தபோது அவள் மீதி வேலையைச் செய்தாள். அட்மினிஸ்ட்ரேட்டருக்குப் புதுக் கடவுச்சொல். சின்ன முதலாளியை உட்கார வைத்து, அடிக்கச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இன்னொரு நிர்வாகக் கணக்கையும் உண்டாக்கி, அதன் கடவுச்சொல்லை அந்த அம்மாவை அடிக்கச் சொன்னாள். இரண்டையும் அவரவர் தனித்தனித் தாளில் எழுதி, உறையில் இட்டு, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு, இரும்புப் பெட்டியில் வைத்தார்கள். "எழுதாதீக, சொல்லாதீகன்னு பெரிய மொதலாளி சொன்னது நல்லதுக்குத்தான்" என்று பெரியவரிடம் சொன்னாள். "ஆனா கடையோட சாவி ஒரு ஆள்கிட்ட மட்டும் இருந்தா, அந்த ஆளுக்குத்தான் பாரம்."

"இப்ப நீ தெறந்த மாதிரி வேற யாராச்சும் வந்து தெறந்தா?" என்று கேட்டார் அவர். சரியான கேள்வி.

"தெறக்கலாம் ஐயா. பெட்டி கைக்கு எட்டினா யாரும் தெறக்கலாம். பாஸ்வேர்டு தூரத்துல இருந்து வர்றவனுக்குத்தான் தடை. அதனால பெட்டி இங்க நடையில இருக்கக் கூடாது. கம்பிக் கதவு போட்ட ரூமுல வச்சுப் பூட்டணும்." திறப்பதற்கு இன்னொரு வழி உண்டு. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் வருகிற உதவி நிரலின் இடத்தில் கட்டளைத் திரையை வைத்துவிடுவது. வேகமான வழி. அதைச் செய்கிறவர்கள் பலர் பழைய நிரலைத் திருப்பி வைக்க மறந்து, அந்த ஓட்டையை அப்படியே விட்டுப் போகிறார்கள் என்று அவள் சொன்னாள். அதனாலேயே தான் அந்தப் பக்கம் போவதில்லை என்றும்.

கூலி வாங்கும்போது ரசீது எழுதிக் கொடுத்தாள். அதில் செய்த வேலை வரிசையாக இருந்தது. அடுத்த முறை வரும்போது இந்தப் பெட்டியின் பிரதியைப் புதிய இயந்திரம் ஒன்றுக்குள் மெய்நிகர் சர்வராக ஓடவிட்டுப் பார்க்கலாம், டாங்கிள் ஒத்துழைத்தால் இதற்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்றாள். சின்ன முதலாளி உடனே நாள் குறித்தார்.

நம் ஊர்களில் கூட்டுறவுச் சங்கம், மில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எங்கெங்கோ இத்தகைய பெட்டிகள் படிக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் சாவி ஓய்வுபெற்ற ஒருவரின் மறதியில் இருக்கிறது. அவற்றைத் திறக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று ஏராளம். தெரியாதவர்களும் அந்த நாலைந்து கட்டளைகளை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். நான் அன்று பார்த்தது அந்தக் கட்டளைகளுக்கு முன்னும் பின்னும் அவள் செய்தவற்றை. உரியவரிடம் எழுதி வாங்கினாள். எது அழியக்கூடும் என்று முன்பே கேட்டாள். தொடுமுன் பிரதி எடுத்தாள். தேவையில்லாத ரகசியத்தைப் பார்க்க மறுத்தாள். செய்ததைப் பதிந்தாள், திறந்ததை உரியவர் கையில் ஒப்படைத்தாள், இனி மறந்தாலும் தவிக்காதபடி ஏற்பாடு செய்தாள். இந்த வரிசையில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அன்று பெட்டி திறந்திருக்கும், பில்லும் வந்திருக்கும். ஆனால் பட்டாசாலையில் யாராவது ஒருவருக்குச் சேதம் நேர்ந்திருக்கும், அநேகமாக அந்தப் பெரியவருக்கு. கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கிற நம் பாலிடெக்னிக்குகளும் பயிற்சி மையங்களும் கட்டளைகளைப் பின்னால் சொல்லித்தரட்டும். அருப்புக்கோட்டைப் பெண் விருதுநகரில் நடத்திக்காட்டிய இந்த ஒழுங்கை முதல் பாடமாக வைக்க வேண்டும்.